பொத்தானில் குங்குமம்

"கொஞ்சம் குனிங்க தம்பி" என்று தனபால் அண்ணன் பிடரியில் இரண்டு விரலை வைத்து அழுத்த, மௌலியின் மோவாய் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் போய் முட்டியது. துணிக்குள் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. பேன்ட் பைக்குள் போன் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவனுக்கு நினைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. நினைப்பதற்கும் இன்றைக்கு ஒன்றுதான் இருந்தது. மதியம் பேராசிரியர் வசுமதி மேடமும் முதலீட்டுக் குழுவில் இருக்கிற மற்ற மாணவர்களும் உட்கார்ந்திருக்க, அவன் எழுந்து நின்று பேச வேண்டும். கல்லூரியில் படித்து முடித்துப் போனவர்கள் சேர்ந்து கொடுத்த பணம் அந்தக் குழுவிடம் இருந்தது. எந்தக் கம்பெனியின் பங்கை வாங்குவது, எதை விற்பது என்று மாணவர்களே பேசி முடிவு செய்வார்கள். வருகிற லாபம் வசதியில்லாத பிள்ளைகளின் ஃபீஸுக்குப் போகும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது ஆற்றையும் மண்ணையும் வேலை செய்கிற ஆட்களையும் கெடுக்காத கம்பெனிகளில் மட்டும் போடலாமே என்று போன வருஷம் கையைத் தூக்கிச் சொன்னவன் மௌலி. அன்றிலிருந்து குழுவில் இருக்கிற பிரிட்டோ அவனைப் 'பச்சைக்கிளி' என்றுதான் கூப்பிடுகிறான். மேடம் சிரிக்கவில்லை. "சரி, ஒரு பகுதியை ஒதுக்கி வைப்போம். ஆனா காகிதத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. போய்க் கண்ணால பார்த்துட்டு வாங்கணும். ஒரு வருஷத்துக்குள்ள வாங்கணும். இல்லேன்னா அது பழையபடி பொதுப் பணத்துல சேர்ந்துடும்" என்றார். அந்த ஒரு வருஷம் இன்றோடு முடிகிறது. எத்தனையோ கம்பெனிகளுக்கு எழுதியும், உள்ளே வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்தது ஒரே ஒரு கம்பெனி. திருப்பூர் பக்கத்தில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுகிற நீலமேகம் பிராசஸிங் மில்ஸ். போனான், பார்த்தான், எழுதினான். இன்று மதியம் குழு கையைத் தூக்கிவிட்டால் அவன் சொன்ன யோசனை உயிரோடு இருக்கும். இல்லையென்றால் அது ஒரு கிளி கத்தியதாக முடிந்துபோகும்.

"என்ன தம்பி படிக்கறீங்க?"

"எம்.பி.ஏ.ங்கண்ணா. ரெண்டாவது வருசம்."

"அப்ப மேனேஜரு ஆயிருவீங்க. முடி கொஞ்சம் கம்மியா இருந்தாத்தான் மேனேஜருக்கு எடுப்பா இருக்கும். கவலப்படாதீங்க, அது தானாவே கொட்டிக்கும்." தனபால் அண்ணன் தானே சிரித்துக்கொண்டார். "இன்னிக்கு என்ன, இன்டர்வியூவுங்களா?"

"இல்லீங்க. ஒரு கம்பெனி சேர் வாங்கறதுக்குப் பேசோணும்."

"சேர் மார்க்கெட்டா! எம்பட மச்சான் ஒருத்தன் அதுல போட்டுப் புல்லட்ட வித்தான். இப்ப டவுன் பஸ்ல நின்னுட்டே போறான்."

"நாங்க அப்பிடிப் போடறதில்லீங்க. ஆத்தக் கெடுக்காத கம்பெனியாப் பாத்துப் போடறது."

கத்தரி ஒரு நொடி நின்றது. "அப்பிடி ஒண்ணு இருக்குதுங்களா?" என்றார் தனபால் அண்ணன். கிண்டலாகக் கேட்கவில்லை. இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்ற தோரணையில்தான் கேட்டார். இருக்கிறது என்று சொல்ல மௌலி வாயைத் திறந்தான். தண்ணீர் பாட்டிலின் துமி முகத்தில் அடிக்கவும் மூடிக்கொண்டான்.

இருக்கிறது. அவன் பார்த்திருக்கிறான். இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுதானா என்று மனம் எங்கேயோ இடறியது, ஆனால் பிடரியில் சில்லென்று இறங்கிய தண்ணீரோடு அந்த இடறல் வழுக்கிப்போய்விட்டது. தண்ணீர் என்றதும் இளநீர் ஞாபகம் வந்தது. அது எப்போதும் இப்படித்தான், கூப்பிடாமல் வரும். அவனுக்கு ஏழோ எட்டோ வயது. அப்பா காங்கயம் பஸ் ஸ்டாண்டு வாசலில் சொந்தத் தோப்புக் காயை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வந்து விற்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மௌலியும் கூட நிற்பான், ஸ்ட்ரா எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. ஒரு நாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு அப்பாவின் காலடியில் துப்பினார். 'என்னய்யா இது, உப்புத் தண்ணியை ஊத்தி அடைச்சு வெச்சிருக்கியா' என்றார். தேங்காய்க்குள் யாரும் எதையும் ஊற்ற முடியாது என்று அந்த வயதிலேயே மௌலிக்குத் தெரியும். அந்த ஆளுக்கும் தெரிந்துதான் இருக்கும். அந்த ஆள் போனதும் அப்பா இன்னொரு காயைச் சீவி, தானே ஒரு மடக்கு குடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதைத்தான் மௌலி இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறான். நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் வந்தது, கிணற்றில் இறங்கியது, வேர் குடித்தது, காய்க்குள் ஏறியது. இவ்வளவையும் அவன் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டான். அப்பா அன்றைக்கு ஒரு மடக்கில் தெரிந்துகொண்டார். தோப்பை விட்டு அவர் ஸ்பின்னிங் மில் வாட்ச்மேன் ஆனது தனிக் கதை, அதை இப்போது நினைக்க வேண்டாம். மேடம் ஒரு வகுப்பில் சொன்னது வேறு. ஒரு கம்பெனியில் காசு போட்டவன் அந்தக் கம்பெனி செய்வதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பங்காளி என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். மௌலிக்குக் கை ஓடவில்லை. அப்படியென்றால் அப்பாவின் இளநீரில் உப்புப் போட்டவர்கள் யார் யார்? எங்கேயோ ஒரு ஊரில், ஆற்றின் பெயர்கூடத் தெரியாமல், நல்ல லாபம் வந்தது என்று பாயசம் வைத்துச் சாப்பிட்ட யாரோ ஒரு குடும்பம். அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். போய்ப் பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு அவன் நம்பினான், இன்றைக்கும் நம்புகிறான். எதிர்ப்பக்கமாக யோசித்தால் இன்னும் நன்றாக இருந்தது. கெடுக்காத ஆலையில் காசு போய்ச் சேர்ந்தால் அந்த ஆலை வளரும், பக்கத்து ஆலைக்காரன் பார்ப்பான், அவனும் மாறுவான். ஒரு மடக்குக் கசப்பு வேர் வழியாகக் காய்க்குள் ஏற முடியுமென்றால் ஒரு மடக்கு நல்லதும் ஏற முடியாதா என்ன?

"நிமிருங்க தம்பி."

நிமிர்ந்தான். கண்ணாடியில் அவன் முகம் துணிக்கு மேலே தனியாக நின்றது, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல. ஒரு பக்கம் முடி குறைந்து காது பெரிதாகத் தெரிந்தது. கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தாலும் வட்டம் கலையவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்தது, இன்னும் யாரும் துடைக்கவில்லை. மின்விசிறியின் ரெகுலேட்டர் பெட்டி மேலும் ஒன்று. பவுடர் டப்பா வைக்கிற மரத்தட்டின் விளிம்பில் ஒன்று. தனபால் அண்ணன் டிரிம்மரை எடுத்தார். அதற்கும் பூஜையில் பொட்டு வைத்துத்தான் இருப்பார், தொழில் செய்கிற சாமானுக்கு வைக்காமல் கண்ணாடிக்கு மட்டுமா வைப்பார், ஆனால் அதன் சுவிட்சில் ஒன்றும் இல்லை. கத்தரியின் காதிலும் இல்லை. கை போகிற இடத்தில் எல்லாம் பொட்டு போய்விட்டது, கை போகாத இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது, என்று மௌலியின் மனம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டது. சொல்லி முடித்ததும் அதற்கு வேடிக்கை போய்விட்டது. இதே பொட்டை அவன் எங்கோ பார்த்திருக்கிறான். சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள், அதற்கு அடியில் பச்சை. எதன் மேல் பச்சை? டிரிம்மர் காதோரம் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. ஒரு பொத்தான். பச்சைப் பொத்தான்.

நீலமேகம் ஆலைக்கு அவன் போனது ஆயுத பூஜைக்கு மறுநாள். கல்லூரிக்கு நான்கு நாள் லீவு, அதனால் போனான். இல்லை, அதனால் மட்டும் போகவில்லை, இங்கே பொய் வேண்டாம். ஆலையின் மேனேஜர் சென்னியப்பன் போனில் எவ்வளவு தன்மையாகச் சொன்னார்! 'பூஜை முடிஞ்சு ஒரு நாலு நாள் கழிச்சு வாங்களேன் தம்பி, சாவகாசமாப் பாக்கலாம்.' அந்தச் சாவகாசம்தான் மௌலியின் காதில் முள்ளாகக் குத்தியது. ஏன் நாலு நாள்? நாலு நாளில் எதைக் கழுவுவார்கள், எதை மூடுவார்கள்? சோதனைக்குப் போகிறவன் சொல்லாமல் போக வேண்டும், சொன்னாலும் அவர்கள் கேட்கிற நாளில் போகக் கூடாது என்று படித்திருந்தான். 'இல்லீங்க, நாளைக்கே வர்றேன்' என்றான். வாழ்க்கையில் அவ்வளவு கறாராக அவன் யாரிடமும் பேசியதில்லை. பேசிவிட்டுப் பெருமையாகக்கூட இருந்தது. போனபோது கேட்டில் வாழைக்கன்று கட்டியிருந்தது. இனிப்பு கொடுத்தார்கள். ஆலையைப் பார்க்க வந்தவன் ஆலைக்காரர் கொடுப்பதை வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டு, சாமிக்குப் படைத்தது என்பதால் பொரியை மட்டும் வாங்கிக்கொண்டான். சாயம் போடுகிற பெரிய கூடத்தைக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தான், உள்ளே கோலம் போட்டிருந்தது, மிதிக்க வேண்டாம் என்றார்கள். அங்கே ஆள் அதிகம் இல்லை. 'ஷிப்ட் இனிமேத்தான்' என்று யாரோ சொன்னார்கள், மத்தியான ஷிப்ட் என்று எடுத்துக்கொண்டான். அதனால் என்ன, அவன் பார்க்க வந்தது சாயத்தை அல்ல, சாயத் தண்ணீரை. பின்னால் இருந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்னியப்பனே அழைத்துப் போனார். தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் தண்ணீரைத் திரும்ப ஆலைக்கே கொடுத்துவிடுகிற இயந்திர வரிசை. 'இது நிக்காம ஓடறதுங்க தம்பி. இது நின்னாச் சாயமும் நிக்கோணும், அதான் சட்டம்' என்றார். எங்கேயோ காற்று ஊதுகிற சத்தம் கேட்டது. ஓடுகிறது என்று நினைத்தான். வெளியே போகிற கால்வாய் வறண்டு கிடந்தது. உப்புப் பார்க்கிற பேனா மீட்டரைத் தொட்டியில் விட்டுப் பார்த்தான், அப்பா கிணற்றில் ஒருகாலமும் காணாத சுத்தம். மௌலிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத்தான் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். தொட்டியைப் பிடித்தான், குழாய்களைப் பிடித்தான், சுவரில் இருந்த கன்ட்ரோல் பெட்டியைப் பிடித்தான். பெட்டியில் இரண்டு பொத்தான். சிவப்பு நிறுத்துவதற்கு, பச்சை ஓட்டுவதற்கு. பச்சைப் பொத்தானில் பொட்டு இருந்ததா? இருந்தது. பொத்தான் மேலா, பொத்தானுக்குப் பக்கத்திலா?

துணிக்குள் வலது கை தானாக நகர்ந்தது. துணி மேடு தட்டியது.

"ஆடாதீங்க தம்பி. கத்திய எடுத்துட்டேன்."

கழுத்தின் பின்னால் சோப்பு நுரை. அதற்கு மேல் பிளேடின் மெல்லிய பரபரப்பு. மௌலி மூச்சைக்கூட அளந்து விட்டான். போன் தொடையின் மேல்தான் இருக்கிறது, படம் போனுக்குள் இருக்கிறது, கையை எடுத்தால் கழுத்தில் கோடு விழும். பக்கத்தில்தான் இருக்கும் பொட்டு, பெட்டியின் தகரத்தில். தகரத்தில் வைப்பதுதான் வழக்கம், பொத்தான் சின்னது, அதன் மேல் எப்படி வைப்பார்கள்? ஆனால் அவன் கண்ணுக்குள் பச்சை தெரிந்தது. சந்தனத்துக்கு அடியில் பச்சை தெரிந்தால் அது பொத்தான்தான். பொத்தானில் வைத்த பொட்டு மறுநாள் மத்தியானம் வரைக்கும் முழுசாக இருந்தால், பூஜைக்குப் பிறகு அதை ஒரு கட்டைவிரலும் அழுத்தவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் பூஜைப் பொட்டு வைப்பார்கள், அதற்குப் பிறகு அழுத்தவில்லையென்றால் ஓடவில்லை. அவன் கேட்டது வேறு ஏதோ ஒரு மோட்டார், தொட்டியில் காற்று ஊதுகிற மோட்டாராக இருக்கும், அதை மட்டும் நிறுத்த மாட்டார்கள். பூஜை போட்டு ஓய்வு கொடுத்த ஆலையைப் பார்த்துவிட்டு வந்து அது கழிவே விடாத ஆலை என்று எழுதியிருக்கிறான். வறண்ட கால்வாய்! சமைக்காத வீட்டில் புகை எங்கே என்று தேடின கதை. அவன் என்னவெல்லாம் எழுதினான் என்று இப்போது ஒவ்வொன்றாக எழுந்து வந்து முகத்துக்கு நேரே நின்றது. 'பணியிடத்தில் நெரிசல் இல்லை.' ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தால் நெரிசல் எப்படி இருக்கும்? 'சாயக்கூடத்தின் தரை ஈரமோ கறையோ இல்லாமல் இருந்தது.' கோலம் போடுவதற்குக் கழுவி விட்ட தரை. 'இயந்திரங்கள் அதிகச் சத்தமின்றி இயங்குகின்றன.' கடவுளே. இதற்கெல்லாம் மதியம் திரையில் தலைப்பு 'அமைதியான ஆலை'. அந்தத் தலைப்பைத் தேட இரண்டு நாள் ஆனது. தலைப்புக்கு அடியில் பெரிதாக வரப்போகிற படம் அதே கன்ட்ரோல் பெட்டி. வண்ணம் நன்றாக இருக்கிறது என்று அதைத்தான் எடுத்து வைத்தான்.

யாருக்குத் தெரியும்? பிரிட்டோ தூங்குவான். மேடம் மங்களூர்க்காரர், ஆயுத பூஜை அங்கேயும் உண்டு, ஆனாலும் பொத்தானில் பொட்டு கலையாமல் இருக்கிறதா என்று எந்தப் பேராசிரியர் பார்க்கப் போகிறார்? ஷாஹிதா பார்ப்பாள். ஷாஹிதா எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். குழுவில் அவள் கை எந்தப் பக்கம் தூக்குகிறாளோ அந்தப் பக்கம் இன்னும் மூன்று கை தூக்கும். போன வாரம் கேன்டீனில் அவன் எழுதியதைப் படித்துவிட்டு, 'எல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கே மௌலி. எங்க மாமா தோல் பதனிடுற இடத்துல கணக்கெழுதறாரு. அவரு வீட்டுக்கு வந்தா வாசல்லயே நாத்தம் வரும். உன் ஆலைல நாத்தமே இல்லையா?' என்று கேட்டாள். 'நல்ல ஆலைன்னா அப்படித்தான்' என்று சொன்னான். அதைச் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இப்போது அந்தக் கேள்வி பிளேடுக்குக் கீழே கழுத்து ரோமம் மாதிரி நிமிர்ந்து நின்றது. நாற்றமே இல்லையா? இல்லை. சாம்பிராணி வாசனைதான் இருந்தது.

ஆனால் ஆலை நல்ல ஆலையாகவும் இருக்கலாமே. நின்றிருந்ததைப் பார்த்தான் என்பதால் அது கெட்டது என்று ஆகிவிடுமா? ஆகாது. இதுதான் இன்னும் மோசம். கெட்டது என்று தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். நல்லது என்று தெரிந்தால் தலைநிமிர்ந்து பேசலாம். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தெரியாது என்று சொன்னால் ஒரு வருஷம் முடிந்தது, பணம் பழையபடி போய்விடும், பழையபடி என்றால் எங்கே? லாபம் வருகிற எங்கேயும். அப்போது இந்தக் குழு, மௌலி உட்பட, போய்ப் பார்க்காமல் பாயசம் சாப்பிடுகிற குடும்பம். தெரிந்தது என்று சொன்னாலோ? அப்போதும் அதே குடும்பம்தான். போய்ப் பார்த்தேன் என்று வேறு சொல்லிக்கொள்கிற குடும்பம். இந்த இடத்துக்கு வந்ததும் மனம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. அப்பா இரண்டாவது காயைச் சீவித் தானே குடித்துப் பார்த்தாரே, அவரை யாரும் கேட்கவில்லை, அந்த ஆள் போய்க்கூட விட்டார். இருந்தும் குடித்தார். ஏன் குடித்தார் என்று மௌலி ஒருநாளும் யோசித்ததில்லை. அடுத்து வந்து கேட்கிறவருக்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அண்ணா, ஒரு நிமிசம் நிறுத்துங்க."

"காந்துதுங்களா?"

"இல்லீங்க. ஒரு போன் பேசோணும்."

"இந்தக் கோலத்துலயா?" தனபால் அண்ணன் ஒதுங்கி நின்றார். ஒரு கிருதா இறங்கி, ஒரு கிருதா இறங்காமல், பிடரி நுரையோடு மௌலி எழுந்தான். துணியை அவிழ்க்கத் தோன்றவில்லை. அதோடேயே போய்ச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து படத்தைத் தேடி எடுத்தான். இரண்டு விரலால் விரித்தான். பச்சைப் பொத்தான். அதன் நடுவில் மஞ்சள் வட்டம், வட்டத்தின் நடுவில் குங்குமம், இப்போதுதான் வைத்த நெற்றிப் பொட்டைப் போல ஒரு துளியும் கலையாமல். வினோதமாக, அதைப் பார்த்ததும் மனம் கனக்கவில்லை. பொத்தான் மேலா பக்கத்திலா என்று இரண்டாகப் பிளந்து கிடந்ததில் ஒன்று போய்விட்டதால் வந்த நிம்மதியாக இருக்கும். அவன் சென்னியப்பனைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க தம்பி! இன்னிக்குத்தானே மீட்டிங்கு?"

"ஆமாங்க சார். ஒண்ணு கேக்கோணும். நான் வந்த அன்னைக்குச் சுத்திகரிப்பு ஓடுச்சுங்களா?"

பதில் வருவதற்குள் மௌலி, கோபம் வருமா, பொய் வருமா, போன் வைத்துவிடுவாரா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் சென்னியப்பன் இருமுவது போலச் சிரித்தார்.

"எப்பிடிங்க தம்பி ஓடும்? பூஜை போட்டு மூணு நாள் நாங்க எதையுமே தொட மாட்டோமே. அதுக்குத்தானே நாலு நாள் கழிச்சு வாங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"நீங்க எதையோ மறைக்கறீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

சொல்லிவிட்டான். வேறு நல்ல வார்த்தை தேடியிருக்கலாம்.

"மறைக்கறதுக்கு நாள் கேப்போம்னு நெனச்சீங்க. செரி. நானும் அங்கயே சொல்லியிருக்கோணும், நின்னுருக்குது பாருங்கன்னு. நீங்க பாத்துட்டு அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க, கண்ணு வேற தண்ணி வெச்சுருச்சு. எனக்கு வாய் வரல. வந்த கல்யாணம் நிக்க வேண்டாம்னு நானும் கொஞ்சம் கம்முனு இருந்துட்டேன். அதுவும் உண்மைதான்."

அந்த 'அதுவும் உண்மைதான்' என்ற சொல்லை மௌலி கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். அதில் உப்பு இருக்கிறதா? இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கிறார்.

"சார், நீங்களே சொல்லுங்க. எப்ப வந்தா எல்லாம் ஓடும்?"

"எப்ப வேணா வாங்க. ஆனா நல்லாப் பாக்கோணும்னா செவ்வாய்க்கெழமை வாங்க. அன்னிக்குக் கருப்புச் சாயம் போடறோம். கருப்புக்குத்தான் உப்பு அதிகம், தண்ணி அதிகம், கழிவும் அதிகம். எங்க மெஷினு திணர்றது அன்னிக்குத்தான். வெள்ள, மஞ்சளு போடற அன்னிக்கு வந்தீங்கன்னா மறுபடியும் கண்ணுல தண்ணி வெச்சுட்டுப் போயிருவீங்க. கருப்பு போடறப்பப் பாத்துட்டு, அப்புறம் மார்க்குப் போடுங்க. கம்மியா வந்தா வரட்டும். எங்க மொதலாளிக்கும் அது தெரிஞ்சாத்தான் புது மெஷினுக்குக் கையெழுத்துப் போடுவாரு."

போனை வைத்த பிறகும் மௌலி அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கருப்பு போடுகிற நாள் என்று ஒன்று இருக்கிறது என்று எந்தப் புத்தகமும் அவனுக்குச் சொல்லவில்லை. எந்த நாளில் உன்னைப் பார்த்தால் உன் குறை தெரியும் என்று ஒரு கம்பெனியைக் கேட்கலாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் இல்லை, சிலர் பொய் நாளைச் சொல்வார்கள், சிலர் கதவையே சாத்துவார்கள், ஆனால் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு எத்தனை ஆலைகளுக்குப் போகலாம், போய் என்னென்ன கேட்கலாம், என்று மனம் காங்கயத்துக்கும் ஈரோட்டுக்கும் ஆம்பூருக்குமாக ஓடத் தொடங்கியது. ஓடியதைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். இன்றைக்கு மதியம் பணம் போய்விட்டால் எங்கே ஓடுவது? ஷாஹிதாவைக் கூப்பிட்டான்.

"எங்க இருக்க? ஸ்லைடு அனுப்பல இன்னும்."

"அனுப்பல. ஷாஹிதா, நான் போன அன்னைக்கு ஆலை ஓடல."

"என்னது?"

"பூஜைக்கு நிறுத்தி வெச்சிருந்தாங்க. எனக்குத் தெரியல. நான் எழுதினது பூரா நின்ன ஆலையப் பத்தி."

அவள் திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அவள் சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல். "அமைதியான ஆலை! யா அல்லாஹ். மௌலி, அமைதியான ஆலை!" சிரித்து ஓய்ந்து, "இத ஏன் என்கிட்டச் சொல்ற? பேசாம இருந்திருந்தா நான் கண்டிப்பா உனக்குத்தான் கை தூக்கியிருப்பேன். முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

"அதான் சொல்றேன்."

தெருவில் ஒரு குட்டியானை லோடு வண்டி ரிவர்ஸ் எடுத்தது.

"மேடம்கிட்ட நீயே சொல்லிடு. சொன்ன உடனே நான் எந்திரிச்சு இன்னும் ரெண்டு வாரம் கேக்கறேன். இப்பிடித் தப்ப ஒத்துக்கறவன்கிட்ட இருக்கற பணத்தப் பொதுல போட்டுட்டு என்ன செய்யப் போறாங்கன்னு கேக்கறேன். என் பக்கம் மூணு கை இருக்கு. மேடம் முடியாதுன்னா அப்புறம் பாத்துக்கலாம், மறுபடியும் ஒரு பகுதி ஒதுக்கச் சொல்லிக் கை தூக்குவோம். மறுபடி எப்ப ஆலைக்குப் போற?"

"செவ்வாய்க்கிழமை. அன்னைக்குக் கருப்பு போடறாங்களாம். அதுதான் ரொம்பக் கஷ்டமான சாயம்."

"கருப்பா? அப்ப நானும் வரேன். இருக்கறதுலயே வெள்ளை துப்பட்டாவாப் பாத்துப் போட்டுட்டு வரேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மௌலி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பிடரியில் நுரை காய்ந்து இழுத்தது. தனபால் அண்ணன் மறுபடி தண்ணீர் தெளித்து மறுபடி சோப்பு போட்டார், ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதற்கு அவர் படுகிற பாடு கண்ணாடியில் தெரிந்தது. மேடம் என்ன சொல்வார்? தெரியாது. ஆலை கருப்பைத் தாங்குமா? தெரியாது. செவ்வாய்க்கிழமை வெள்ளை துப்பட்டா என்ன நிறத்தில் திரும்பும்? அதுவும் தெரியாது. காலையில் தெரிந்து வைத்திருந்த ஒன்றுகூட இப்போது கையில் இல்லை, ஆனால் இந்தத் தெரியாதவை எல்லாம் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய தெரியாதவை. மதியம் எழுந்து நின்று சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். நான் போன அன்றைக்கு ஆலை ஓடவில்லை. நல்ல வாக்கியம். அதற்கு முன்னால் வணக்கம் போட்டால் போதும். படத்தை எடுத்துவிட வேண்டாம், பெரிதாகவே காட்டலாம். பிரிட்டோ தூக்கத்திலிருந்து எழுந்து சிரிப்பான், சிரிக்கட்டும், விஷயத்தில் சிரிப்பு இருக்கத்தான் செய்கிறது.

"தம்பி" என்றார் தனபால் அண்ணன், கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "சிரிக்காதீங்க. கன்னம் ஆடுது, கீறிப்புடும்."